மூட்டை தூக்குபவருக்கு ஏது சம்பளச் சீட்டு

திண்டுக்கல்லில் நான் கறுப்புக் கோட்டு மாட்டத் தொடங்கியபோது 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம்தான் நடப்பில் இருந்தது. யார் மேல் தப்பு என்று பார்க்காமலே கொடுக்க வேண்டிய தொகை என்று 1982-இல் அதில் ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500. அந்தப் பதினைந்தாயிரத்தோடு போதும் என்று எழுந்து போன குடும்பங்கள் நிறைய. காரியத்துக்கு வாங்கிய கடன் அதில் அடைந்துவிடும். அதற்கு மேல் கோர்ட்டு, கச்சேரி என்று அலைய வீட்டில் ஆள் இருக்காது.

என் சீனியருக்குப் பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறும்தான் பிடித்த வழக்குகள். விபத்து வழக்கு வந்தால் எம்.சி.ஓ.பி. கட்டு என்று தனியாகக் கட்டி என் மேசைக்குத் தள்ளிவிடுவார். “இதுல சட்டம் கம்மி, கணக்கு ஜாஸ்தி. நீயே பாத்துக்கப்பா” என்பார். அவர் சொன்னது முக்கால்வாசி உண்மை. இறந்தவர் மாதம் என்ன சம்பாதித்தார், வயது என்ன, அவரை நம்பி எத்தனை பேர் என்ற மூன்றும் தெரிந்தால் கணக்கு முடிந்தது. அரசாங்க உத்தியோகஸ்தருக்கு இது அரைமணி வேலை. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கும், சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையை ஊர் ஊராகத் தவணைக்குக் கொடுப்பவருக்கும், வீட்டில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் அம்மாவுக்கும் வருமானம் உண்டு. அதைக் காட்டத் தாள் கிடையாது. என் தொழிலில் பெரும்பகுதி அந்தத் தாளைத் தேடுவதிலேயே போயிற்று.

முதல் தாள் ஆஸ்பத்திரியில் பிறக்கிறது. அடிபட்டவரைக் கொண்டுவந்து போட்டதும் பணியில் இருக்கும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் நாலு வரி எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று நாங்கள் சொல்வது அதைத்தான். எப்போது அழைத்து வந்தார்கள், யார் அழைத்து வந்தார், எப்படி அடிபட்டது, மது வாடை உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். கூட வந்த மச்சினன் பதற்றத்தில், “பைக்கிலேருந்து விழுந்துட்டாருங்க டாக்டர்” என்பான். டாக்டரும் வண்டியிலிருந்து விழுந்ததாக எழுதிவிடுவார். இரண்டு வருஷம் கழித்து இன்ஷூரன்ஸ் வக்கீல் அந்தத் தாளை எடுத்துக் காட்டி, “லாரி மோதியதாக இதில் எங்கே இருக்கிறது?” என்று கேட்பார். லாரி இடித்துத்தான் விழுந்தார் என்பது மச்சினனுக்குத் தெரியும். ஆனால் அவன் சொன்ன பாதி வாக்கியம்தான் ஆவணத்தில் ஏறியிருக்கும். அடிபட்டவரைப் பார்க்க ஓடும் உறவுக்காரர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மோதிய வண்டியையும் மோதிய விதத்தையும் டாக்டரிடம் முழுசாகச் சொல்லுங்கள்; தெரியாததைச் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அடிபட்டவரை ஏற்றிப்போனது வழியில் வந்த காய்கறி வண்டியோ வாடகைக் காரோதான். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆள் பிழைப்பாரா என்று இரண்டு நாள் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள்தான் ஸ்டேஷனுக்குப் போவார்கள். அந்த மூன்று நாள் தாமதம் எதிர்த்தரப்புக்கு ஒரு முழுநாள் வாதம். போலீசின் ரஃப் ஸ்கெட்ச், பார்வை மகஜர், பிரேக்கில் பழுது இல்லை என்று மோட்டார் வாகன ஆய்வாளர் தரும் அறிக்கை, கடைசியில் குற்றப்பத்திரிகை என்று வரிசையாக வரும் இத்தனை தாள்களையும் எழுதுகிறவர் ஒருவருக்காவது இழப்பீட்டு வழக்கு நினைவில் இருக்காது. அவரவருக்கு அவரவர் வேலை. வழக்கு அந்தத் தாள்களின் மேல்தான் நிற்கும்.

எந்த ஊரில் வழக்குப் போடுவது என்பதே ஒரு காலத்தில் பெரிய துன்பம். சின்னாளபட்டிக்காரர் ஒருவர் நெல்லூர்ப் பக்கம் சேலை விற்கப் போன இடத்தில் லாரி அடித்து இறந்துபோனார். விபத்து நடந்த வட்டாரத்துத் தீர்ப்பாயத்தில்தான் மனுப் போட முடியும் என்று அன்றைய சட்டம் சொன்னது. தெலுங்கு தெரியாத மனைவி, கைக்குழந்தையோடு வாய்தாவுக்கு வாய்தா நெல்லூர் போய்வர வேண்டும். இரண்டு தடவை போனார், பிறகு விட்டுவிட்டார். 1994-இல் வந்த திருத்தம் மனுதாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்றது. அதே திருத்தம் மனுப் போட இருந்த ஆறு மாதக் கெடுவையும் எடுத்தது. பத்திரிகைகளில் இரண்டு வரியில் போன செய்தி இது. எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பேருக்கு அன்றுதான் கோர்ட்டுக் கதவு திறந்தது.

அந்தக் கெடு இப்போது திரும்பி வந்திருக்கிறது. 2019 திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தாள்களைத் திரட்ட ஆரம்பித்துவிடுவது நல்லது.

மூட்டை தூக்குபவர் கதைக்கு வருகிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர், வயது 38. பின்னாலிருந்து வேன் மோதியதில் தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள், எலும்பு கூடியது, ஆனால் கால் ஒன்றரை அங்குலம் கட்டையாகிவிட்டது. ஊனம் 35 சதவீதம் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். எங்கள் பக்கக் கோர்ட்டுகளில் வெகுகாலமாக ஒரு வழக்கம்: சதவீதத்துக்கு இவ்வளவு என்று பெருக்கிக் கொடுத்துவிடுவார்கள். முதலில் ஆயிரம், பிறகு இரண்டாயிரம், அப்புறம் மூவாயிரம் என்று அது ஏறிவந்தது. இரண்டாயிரம் வீதம் பார்த்தால் அவருக்கு 70,000 ரூபாய். வங்கி அதிகாரிக்கு அதே கால் அதே அளவு குறைந்திருந்தாலும் அதே 70,000தான்.

2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் குருட்டுக் கணக்கை நிறுத்தச் சொன்னது. டாக்டர் சொல்லும் ஊனம் வேறு, அதனால் பிழைப்பில் ஏற்படும் இழப்பு வேறு. அவர் என்ன வேலை பார்த்தார், இனி அதில் எதைச் செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும் என்றது. தீர்ப்பு கையில் இருந்தது. ஆனால் அதைப் பொருத்திக் காட்ட சாட்சி வேண்டும்.

இன்ஷூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டார்: “நீங்க நடந்துதானே கோர்ட்டுக்கு வந்தீங்க?”

“ஆமாங்கய்யா.”

“கம்பில்லாம நடப்பீங்கள்ல?”

“நடப்பேங்கய்யா.”

அவர் திருப்தியோடு உட்கார்ந்தார். நான் எழுந்து, லோடு ஏற்றுவது எப்படி என்று மட்டும் கேட்டேன். அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர் மடை திறந்தாற்போல் பேசினார். “அம்பது கிலோ வெங்காய மூட்டைய முதுகுல வாங்கிட்டுப் பலகையில ஏறணும்ங்க. பலகை ஆடும். ரெண்டு காலும் சமமா ஊனுனாத்தான் மூட்டை நிக்கும். ஒரு பக்கம் சாஞ்சா ஆளையும் சேத்துக் கீழ தள்ளிரும். இப்ப என்னைய எந்தக் கொத்துலயும் சேத்துக்க மாட்டாங்க.” நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

வருமானத்துக்குத் தாள் தேடி மண்டிக்கு நடந்தேன். மண்டி முதலாளி சான்றிதழ் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். நாளைக்கு பி.எஃப்., வரி என்று யாராவது வந்து நிற்பார்களோ என்ற பயம். அவருடைய கணக்குப்பிள்ளைதான் கூலி எழுதும் நோட்டோடு சாட்சிக்கூண்டில் ஏறினார். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டையும் இருந்தது. 2014-இல் சையது சாதிக் வழக்கில் காய்கறி வியாபாரி ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் மாத வருமானம் 6,500 என்று எடுத்திருந்ததையும் காட்டினேன். அந்த அளவு வருமானமும், பிழைப்பிழப்பு 60 சதவீதமும் ஏற்கப்பட்டது. வயதுக்குரிய பெருக்குத் தொகை 15. பெருக்கிப் பார்த்தால் 7,02,000 ரூபாய். சிகிச்சைச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் அதற்கு மேல். எழுபதாயிரம் பத்து மடங்கானது பலகை ஆடும் என்று அவர் சொன்ன அந்தப் பேச்சால்.

இந்தப் பெருக்குத் தொகை முன்பு நீதிபதிக்கு நீதிபதி மாறும். ஒரே வயதுக்காரர்கள் இரண்டு பேர் இறந்தால் ஒரு கோர்ட்டில் 12, இன்னொன்றில் 16. அப்பீலுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போவோம். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்த பிறகுதான் அந்த ராத்திரிப் பயணம் நின்றது. 2009-இல் சரளா வர்மா தீர்ப்பு வயதுவாரியாக ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்தது: 25 வயது வரை 18, முப்பது வரை 17, நாற்பது வரை 15 என்று இறங்கி, 65-க்கு மேல் 5. குடும்பத்தின் அளவுக்கேற்ப இறந்தவரின் சொந்தச் செலவுக்கு எவ்வளவு கழிப்பது என்பதையும் அதுவே சொன்னது. 2017 அக்டோபரில் பிரணய் சேத்தி தீர்ப்பு வந்தது. நிரந்தரச் சம்பளம் இல்லாதவருக்கும் எதிர்காலத்தில் வருமானம் கூடியிருக்கும் என்று ஒப்புக்கொண்டு, நாற்பது வயதுக்குக் கீழே என்றால் 40 சதவீதம் சேர்க்கச் சொன்னது.

கட்சிக்காரர் எதிரில் நான் போட்டுக் காட்டும் கணக்கு இது. முப்பது வயது மில் தொழிலாளி, மாதம் 12,000. நாற்பது சதவீதம் கூட்டினால் 16,800. மனைவி, இரண்டு பிள்ளை, தாய் என நாலு பேர் நம்பியிருந்ததால் நாலில் ஒரு பங்கு கழிவு, மிச்சம் 12,600. வருஷத்துக்கு 1,51,200. அதைப் பதினேழால் பெருக்க 25,70,400 ரூபாய். இதன் மேல் துணையை இழந்ததற்கு, ஈமச் செலவுக்கு என்று சில தொகைகள். கணக்கைப் பார்த்ததும், “அம்புட்டா?” என்பவர்களும் உண்டு, “அம்புட்டுத்தானா?” என்பவர்களும் உண்டு. ஆனால் 12,000 என்ற முதல் எண்ணை நிரூபிக்க முடியாவிட்டால் கீழே உள்ள எல்லா எண்ணும் சரியும்.

வீட்டுப் பெண்கள் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கோபம் வந்திருக்கிறது. தாயை இழந்த பிள்ளைகளின் மனுவில், இறந்தவரின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவைப்பார்கள். சம்பாதிக்காத துணைக்குக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று 1994-இல் வந்த அட்டவணை சொன்னது. கணவர் கூலி என்றால் மனைவியின் உழைப்பு அந்தக் கூலியிலும் மூன்றில் ஒன்று! 2001-இல் லதா வாத்வா வழக்கில் இல்லத்தரசியின் சேவைக்கு மாதம் 3,000 என்று ஒரு மதிப்பு வந்தது. 2021-இல் கீர்த்தி வழக்கில் வீட்டு வேலையும் உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் விரித்தே எழுதிற்று. நான் தீர்ப்புகளோடு நிற்பதில்லை. அந்த அம்மா பால் ஊற்றிய சொசைட்டி அட்டை, மகளிர் குழுப் புத்தகத்தில் அவர் கட்டிய தவணை, எல்லாவற்றையும் தேடுவேன். குழுவில் மாதாமாதம் கடன் கட்டியவருக்கு வருமானம் இல்லை என்று எந்த வக்கீலாலும் வாதாட முடியாது.

எவ்வளவு தேடினாலும் பயனில்லாத வழக்கு ஒன்று உண்டு: சரக்கு வண்டியில் ஆள் ஏறிப் போவது. காதுகுத்துக்கும் களையெடுக்கவும் குட்டியானையில் முப்பது பேர் நெருக்கி நிற்பதை எங்கள் சாலைகளில் யாரும் பார்க்கலாம். அது கவிழ்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது. 1999 டிசம்பரில் பொறுப்பு என்று ஒரு தீர்ப்பு வந்தது. மூன்று வருஷத்தில், 2002 டிசம்பரில், ஆஷா ராணி வழக்கில் அது மாற்றப்பட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ கூடப் போனால் மட்டும் காப்பீடு உண்டு. இதனால் கவிழ்ந்த வண்டியில் இருந்த அத்தனை பேரும் மனுவில் திடீரென வாழைத்தார் வியாபாரிகளாகிவிடுவார்கள். காதுகுத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு போஸ்ட்மார்ட்டம் அறிக்கை வந்திருக்கும். கடைசியில் வண்டிச் சொந்தக்காரர் மேல் தீர்ப்பாகும். அவரோ தவணைக்கு வண்டி எடுத்தவர். அந்தத் தீர்ப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் மேல் வண்டி மோதும் வழக்குகளும் எங்களுக்கு வருஷந்தோறும் வரும். விடியலுக்கு முன் இருட்டில் மோதிய வண்டி நிற்காமல் போய்விடும். அப்படி ஓடிப்போன வண்டிக்கு 1988 சட்டத்தில் சாவுக்கு 8,500 ரூபாய் என்று இருந்தது, பிறகு 25,000, 2022 ஏப்ரல் முதல் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம், வருவாய்த் துறையில் மனுக் கொடுத்தால் போதும். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தானே சறுக்கி விழுந்து இறந்த வண்டிச் சொந்தக்காரரின் குடும்பத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. 2018 முதல் சொந்தக்காரர்–ஓட்டுநர் காப்பீடு 15 லட்சம் ரூபாய். பாலிசித் தாளை ஒரு தடவை படித்துப் பார்த்தால் அந்தப் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று தெரியும்.

தொழிலின் அழுக்கையும் சொல்லத்தான் வேண்டும். எலும்பு முறிவு வார்டு வாசலில் புரோக்கர்கள் நிற்பார்கள். மருந்துச் செலவுக்குப் பத்தாயிரம் கையில் கொடுத்து, எழுதாத வக்காலத்தில் கைநாட்டு வாங்கிவிடுவார்கள். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. நடைமுறை எல்லோருக்கும் தெரியும். இதைவிட மோசம், தானாக விழுந்தவருக்குக் காப்பீடு உள்ள ஒரு வண்டியைத் தேடிப் பிடித்து மோதியதாகச் செருகுவது. பிடிபடும்போது அந்த வக்கீலோடு போவதில்லை. அதன் பிறகு உண்மையாகவே மூன்று நாள் கழித்துப் புகார் கொடுத்த ஏழையையும் கம்பெனிக்காரர் அதே கண்ணோடு பார்ப்பார்.

தீர்ப்பு வாங்கியதும் பணம் வந்துவிடாது. அரசுப் பேருந்துகளுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. கழகமே தன் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். நிதி இல்லை என்றால் நிறைவேற்று மனு, பிறகு ஜப்தி. கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பயணிகளை இறக்கிவிட்டு வண்டியைக் கோர்ட் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். பேப்பரில் படம் வரும். சில நாளில் பாதிப் பணமும் வரும்.

மக்கள் நீதிமன்றம் வந்த பிறகு பல வழக்குகள் பேசியே முடிகின்றன. அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது, பணமும் சீக்கிரம். கம்பெனி அதிகாரி ஒரு தொகை சொல்வார், நாங்கள் ஒன்று சொல்வோம், மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடிக்காத குறைதான். ஒத்துக்கொள்ளலாமா என்று கட்சிக்காரர் என் முகத்தைப் பார்ப்பார். தப்பு யார் மேல் என்பதில் சந்தேகம் இருந்தாலோ, கந்துவட்டி ஏறிக்கொண்டிருந்தாலோ கொஞ்சம் குறைத்து முடிப்பது மேல். சாட்சி உறுதியாக இருந்து, வீட்டில் அடுப்பு எரிய வழியிருந்தால் காத்திருக்கலாம். தீர்ப்பில் வட்டியும் சேரும்.

பணம் வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகளின் பங்கு 18 வயது வரை வங்கி வைப்பில் இருக்கும். படிக்காதவர்கள், விதவைகள் பணமும் கரைந்துபோகாமல் போட்டுவைக்க வேண்டும் என்று 1993-இல் சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. மாமியாருக்கு எவ்வளவு, மருமகளுக்கு எவ்வளவு என்று கோர்ட்டு வராந்தாவிலேயே சண்டை வரும். மாமனார் வந்து, “வக்கீலய்யா, மக கல்யாணத்துக்கு அதை எடுத்துத் தரணும்” என்பார். எடுக்க மனுப் போடலாம்; சரியான காரணம் இருந்தால் கோர்ட் விடும். அந்த மருமகளை அவர் இல்லாத நேரத்தில் தனியாக உட்கார வைத்து, “உனக்கு என்ன வேணும்மா?” என்று கேட்காமல் அந்த மனுவில் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

இப்போது மதுரைக் கிளைக்கே காணொளியில் வாதாடுகிறார்கள். விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் போலீஸே தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். என் காலத்தில் நாலு இலாகா ஏறி இறங்கி வாங்கியது இன்று பாதி தானாக வருகிறது. வருமானத்துக்கும் தாள் வந்துவிட்டது: உணவு கொண்டுபோகும் பையனின் போனில் வாராவாரம் என்ன சம்பாதித்தான் என்று துல்லியமாக இருக்கிறது.

அப்படியும் சிக்கல் தீரவில்லை. சமீபத்தில் பைபாஸ் ஓரத்து இளநீர்க் கடைக்காரர் ஒருவர் வழக்கு வந்தது. தள்ளுவண்டியில் க்யூஆர் அட்டை தொங்கியிருக்கிறது. தினமும் பணம் ஏறியிருக்கிறது. ஆனால் கணக்கு கல்லூரியில் படிக்கும் மகன் பெயரில். வருமானம் மகனுடையது என்கிறது கம்பெனி. மகனின் வகுப்பு வருகைப் பதிவை வாங்கி வரச் சொல்லி என் ஜூனியரை அனுப்பியிருக்கிறேன். பணம் ஏறிய நேரத்தில் பையன் வகுப்பில் இருந்தான் என்று காட்டிவிட்டால், இளநீர் சீவியது யார் என்று கோர்ட்டுக்குப் புரிந்துவிடும்.